மேப்பிள் காட்டில் பறவைகளுக்கும் இடம்: பாகு எடுப்போருக்கான முழுமையான வழிகாட்டி

வட அமெரிக்காவில் வெர்மான்ட், நியூயார்க், கியூபெக், ஒண்டாரியோ பக்கம் மேப்பிள் பாகு எடுக்கும் காடுகளில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. சுகர் மேப்பிளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மரங்களைக் களைவார்கள். கீழே முளைக்கும் புதரை வெட்டித் தரையைத் துப்புரவாக்குவார்கள். பட்ட மரம் கண்ணில் பட்டால் விறகாக்கிவிடுவார்கள். பார்ப்பதற்குப் பூங்கா போல அழகாக இருக்கும். ஜூன் மாதக் காலையில் அதற்குள் போய் நின்றால் பறவைச் சத்தம் மிகக் குறைவாகவே கேட்கும். கூடு கட்டப் புதர் இல்லை, பொந்துக்கு மரம் இல்லை, இரை தேட வேறு வகை இலை இல்லை.

அந்தப் பூங்கா அழகு பாகு எடுப்பவருக்கும் நல்லதல்ல. ஒரே இன மரம் மட்டும் நிற்கும் காட்டில் புழு பரவினால் தடுக்க எதுவும் இருக்காது. கீழே கன்று இல்லாவிட்டால் 40 ஆண்டு கழித்துத் துளையிட மரமும் இருக்காது. ஆகவே பறவைக்காகச் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை காட்டின் ஆயுளுக்கான வேலைகளும்தான். வெர்மான்டில் ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு, மாநில வனத்துறை, மேப்பிள் உற்பத்தியாளர் சங்கம் மூன்றும் சேர்ந்து 2014 முதல் 'பறவை நேய மேப்பிள்' திட்டத்தை நடத்திவருகின்றன. இங்கே சொல்லப்படும் முறை அதன் அடிப்படைகளை ஒட்டியது.

தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: இரவில் உறைந்து பகலில் இளகும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையான நாட்களில் மரத்தில் துளையிட்டுச் சாறு எடுக்கிறார்கள். அதில் சர்க்கரை ஏறக்குறைய 2 சதவீதம். சுமார் 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவதைப் பார்த்தவர்களுக்கு அடுப்படி வேலை புதிதாகத் தெரியாது. ஆனால் பனையைப் போல ஏறி இறங்கும் வேலை இல்லை. துளைக்குத் துளை பிளாஸ்டிக் குழாய் இழுத்து, வெற்றிடப் பம்பு வைத்து உறிஞ்சுகிறார்கள். அந்தக் குழாய் வலைதான் பறவைப் பிரச்சினையின் பாதிக் காரணம்.

படி 1: முதலில் எண்ணுங்கள்

அறுவாளையோ சங்கிலி வாளையோ எடுப்பதற்கு முன் காட்டில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். கண்மதிப்பு பெரும்பாலும் தவறும். தினமும் துளையிடுபவர் கண்ணுக்கு மேப்பிள் மட்டுமே தெரியும்.

25 ஏக்கர் காட்டுக்குக் குறைந்தது 10 புள்ளிகள் தேவை. வரைபடத்தில் சம இடைவெளியில் குறித்து, அங்கே போய் ஒரு கம்பை நட்டு நில்லுங்கள். வனத்துறையினர் வைத்திருக்கும் கண்ணாடிப் பட்டகம் ஒன்று, காரணி 10 உடையது, வாங்கிக்கொள்ளுங்கள். அதை எப்போதும் கம்புக்கு நேர் மேலேயே பிடித்து, நீங்கள் கம்பைச் சுற்றி நகர்ந்துகொண்டு, சுற்றிலும் உள்ள ஒவ்வொரு மரத்தையும் மார்பு உயரத்தில், அதாவது தரையிலிருந்து நாலரை அடியில் பாருங்கள். பட்டகத்துக்குள் தெரியும் தண்டுத் துண்டு, வெளியே தெரியும் தண்டின்மேல் ஓரளவு படிந்திருந்தால் அந்த மரம் கணக்கில் சேரும். முழுதாக விலகிப்போனால் சேராது. விளிம்பும் விளிம்பும் தொட்டால் ஒன்று விட்டு ஒன்று சேருங்கள். சேர்ந்த மரங்களின் எண்ணிக்கையை 10ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு இத்தனை சதுர அடி அடிப்பரப்பு என்று கிடைக்கும். அடிப்பரப்பு என்பது, எல்லா மரத்தையும் மார்பு உயரத்தில் அறுத்தால் தெரியும் வெட்டுமுகங்களின் மொத்தப் பரப்பு.

ஒவ்வொரு புள்ளியிலும் மேலும் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, மர இனம். இரண்டு, அடுக்கு: 5 அடிக்குக் கீழே பச்சை எத்தனை சதவீதம், 5 முதல் 30 அடி வரை எத்தனை, அதற்கு மேல் எத்தனை. மூன்று, சுற்றிலும் நிற்கும் பட்ட மரங்கள், பொந்து மரங்கள், தரையில் கிடக்கும் பெருங்கட்டைகள். ஜூலை, ஆகஸ்டில் இலை முழுதாக இருக்கும்போது எண்ணுவதே சரி. குளிர்காலத்தில் கீழடுக்கைக் கணிக்க முடியாது.

ஒரு கணக்கு பார்க்கலாம். 10 புள்ளிகளில் மொத்தம் 110 மரங்கள் சேர்ந்தன என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஏக்கருக்கு 110 சதுர அடி. அதில் 97 சுகர் மேப்பிள், 13 மற்றவை. மற்ற இனங்கள் 12 சதவீதம்தான். திட்டம் கேட்கும் அளவு 25 சதவீதம். ஏக்கருக்கு 22 சதுர அடி மேப்பிளை அகற்றினாலும் 88இல் 13, அதாவது 15 சதவீதத்தைத்தான் தொடுகிறோம். வெட்டினால் மட்டும் இந்தக் கணக்கு நேராகாது, புதிதாக வளரவும் வேண்டும் என்பது இந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். பத்துப் பதினைந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு மூன்று சுற்றாகத் திட்டமிட வேண்டிய வேலை இது. ஒரே குளிர்காலத்தில் முடிக்கப் பார்ப்பவர்கள் காட்டைக் கெடுத்துவிடுகிறார்கள்.

படி 2: மற்ற மரங்களைக் காப்பாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

நியூ ஹாம்ப்ஷரின் ஹப்பர்ட் புரூக் ஆய்வுக்காட்டில் 1969 முதல் பறவைகளைக் கணக்கெடுத்துவருகிறார்கள். அங்கே பூச்சி தின்னும் பறவைகள் எந்த மரத்தில் இரை தேடுகின்றன என்று பார்த்து 1981இல் வெளியிட்ட ஆய்வில் தெளிவான விடை கிடைத்தது. காட்டில் இருக்கும் விகிதத்தைவிட மிக அதிகமாக அவை மஞ்சள் பர்ச் மரத்தை நாடின. சுகர் மேப்பிளையும் பீச்சையும் பல பறவைகள் ஒதுக்கின. பர்ச்சில் பூச்சி அதிகம். இலை சிறு கிளைகளை ஒட்டி அமைந்திருப்பதால் குருவிக்கு எட்டுகிறது. மேப்பிளின் நீண்ட காம்பு நுனியில் இருக்கும் புழுவைப் பிடிக்கப் பறந்து கொத்த வேண்டும்.

ஆகவே மஞ்சள் பர்ச்சை வெட்டாதீர்கள். மேப்பிளுக்கு இடம் தர வேண்டியிருந்தாலும், பக்கத்தில் உள்ள இன்னொரு மேப்பிளை எடுங்கள். அடுத்து ஊசியிலை மரங்கள்: ஹெம்லாக், சிவப்பு ஸ்ப்ரூஸ். ஒரு ஏக்கரில் நாலைந்து ஹெம்லாக் கூட்டமாக நின்றால் போதும், பிளாக்பர்னியன் வார்ப்ளர், கருந்தொண்டைப் பச்சை வார்ப்ளர் என்ற பூச்சி தின்னும் சிறு குருவிகள் அந்த இடத்துக்கு வரும். குளிர்காலச் சாறு ஓட்டத்தில் ஹெம்லாக் நிழல் பனியைப் பிடித்துவைப்பதால் அந்தப் பகுதி மேப்பிளில் ஓட்டம் தாமதமாகும் என்று குறைபடுபவர்கள் உண்டு. உண்மைதான். அதனால் ஹெம்லாக் கூட்டத்தைத் தெற்குச் சரிவின் நடுவில் வளர்க்காமல், ஓடையோரத்திலும் வடக்குச் சரிவிலும் வைத்துக்கொள்ளலாம். பாஸ்வுட், பிளாக் செர்ரி, ஆஸ்பென், வெள்ளை பர்ச் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைப் பூச்சிக்கும் பழத்துக்கும் பொந்துக்கும் இடம்.

சிவப்பு மேப்பிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பலர் அதை வெட்டிவிடுகிறார்கள். சர்க்கரை சற்றுக் குறைவு, வசந்தத்தில் முன்னதாக மொட்டு விடும், மொட்டு விட்டபின் பாகில் வேண்டாத வாடை வரும் என்பது காரணம். ஆனால் அதிலும் துளையிடலாம். அதைவிட முக்கியம், காட்டுக் கூடாரப்புழு என்ற கம்பளிப்புழு சுகர் மேப்பிளை மொட்டையடிக்கும்போது சிவப்பு மேப்பிளைத் தொடுவதில்லை. 2016 முதல் 2018 வரை வெர்மான்டில் அந்தப் புழு பெருகியபோது தனி மேப்பிள் காடுகள் ஜூனிலேயே குளிர்காலம் போல் வெறுமையாக நின்றன.

ஆஷ் மரத்தை எமரால்டு துளைவண்டு தின்கிறது. வெர்மான்டில் 2018இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்காக எல்லா ஆஷையும் முன்கூட்டியே வெட்டிவிடாதீர்கள். குழாய்ப் பாதையில் விழக்கூடியதை மட்டும் எடுங்கள். மற்றது இறந்தால் பொந்தாகும், பிழைத்தால் விதையாகும். பீச் வேறு கதை. பட்டை நோய் வந்த பெரிய பீச்சை வெட்டினால் வேரிலிருந்து நூற்றுக்கணக்கில் கன்று எழுந்து மற்ற எதையும் முளைக்க விடாது. பட்டை வழவழப்பாக, நோயின்றி இருக்கும் பீச்சை அடையாளமிட்டுக் காப்பாற்றுங்கள். நோய் பிடித்ததை நிற்கவிடுங்கள், கன்றுக் காட்டை மட்டும் குறைத்துக்கொண்டே இருங்கள்.

படி 3: மேலே திறந்தால்தான் கீழே வளரும்

பறவைகள் காட்டை மாடிகளாகப் பார்க்கின்றன. ஸ்கார்லெட் டானகர் உயரமான கிளையில் கூடு வைக்கும். வுட் த்ரஷ் என்ற பூங்குருவி ஆள் உயரத்துக்கு மேலே இளமரக் கவட்டில் வைக்கும். கருந்தொண்டை நீல வார்ப்ளர் முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரத்தில், பெரும்பாலும் ஹாபில்புஷ் என்ற புதரின் கவட்டில் வைக்கும். ஓவன்பேர்ட் தரைச் சருகிலேயே வைக்கும்.

அந்த நீல வார்ப்ளரின் கூட்டைக் கிட்டத்தில் பார்த்தால் நாம் ஏன் புதரைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம் என்று புரியும். உள்ளங்கையில் அடங்கும் கிண்ணம். பர்ச் பட்டையின் மெல்லிய உரிகளும் மக்கிய மரத்துகளும் சேர்த்துச் சிலந்தி நூலால் கட்டியது. மேலே ஹாபில்புஷின் அகன்ற இலை கூரையாகக் கவிந்திருக்கும். பர்ச், மக்கிய மரம், புதர் மூன்றும் ஒரே கூட்டில். கியூபாவிலும் ஜமைக்காவிலும் குளிர்காலம் கழித்து மே முதல் வாரம் அது திரும்பும்போது, குழாய்க்காகப் புதரைச் செதுக்கிவிட்ட காட்டில் இறங்க இடமிருக்காது.

கீழடுக்கு வளர வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்துக்கு இரண்டு வழி.

முதலாவது, நல்ல மேப்பிளின் தலைக்கு இடம் கொடுப்பது. நேரான தண்டு, அகன்ற ஆழமான தலை, பிளவில்லாத கவடு உள்ள மரத்தைத் தேர்ந்து நாடா கட்டுங்கள். அதன் தலையைத் தொடும் பக்கத்து மேப்பிள்களை இரண்டு அல்லது மூன்று பக்கத்தில் மட்டும் அகற்றுங்கள். நாலு பக்கமும் ஒரே நேரத்தில் திறந்தால் காற்று தள்ளும், தண்டில் வெயில் சுட்டுப் பட்டை வெடிக்கும். ஒரு சுற்றில் மொத்த அடிப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அகன்ற தலை உள்ள மரம் அதிகச் சாறும் அதிகச் சர்க்கரையும் தருவதால் துளை எண்ணிக்கை குறைந்த இழப்பில் ஒரு பகுதி திரும்பி வரும்.

இரண்டாவது, சிறு திறப்புகள். காட்டில் பெரிய மரம் ஒன்றிரண்டு சாய்ந்தால் எப்படி ஓட்டை விழுமோ அப்படி, 30 முதல் 75 அடி அகலத்தில், சில ஏக்கருக்கு ஒன்றாக. ஏற்கெனவே மேப்பிள் நலிந்து நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், நல்ல துளை மரத்தை இதற்காகப் பலியிட வேண்டியதில்லை. மஞ்சள் பர்ச் வேண்டுமானால் திறப்பின் அருகே விதை மரம் நிற்க வேண்டும், தரையில் மண்ணும் தெரிய வேண்டும். அதன் விதை மிக நுண்ணியது, தடித்த சருகில் விழுந்தால் வேர் மண்ணை எட்டுமுன் காய்ந்துவிடும். ஆகவே இந்தத் திறப்புகளை மட்டும் ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபருக்குள் வெட்டி, கட்டைகளை இழுக்கும்போது சருகு கிளறப்பட விடுங்கள். பனிமீது வெட்டினால் மண் திறக்காது, பிறகு அங்கே பீச்சும் மேப்பிளும்தான் வரும். பலருடைய திறப்பு பயனற்றுப்போவது இந்த ஒரு காரணத்தால்தான்.

மான் அதிகமுள்ள ஊரில் இதெல்லாம் வீண் என்று தோன்றும். சோதித்துப் பாருங்கள். கீழே பீச்சும் பெரணியும் மட்டும் இருந்து, மேப்பிள் கன்றுகள் அரை அடிக்கு மேல் ஏறாமல் நுனி கடிபட்டிருந்தால் மான்தான் காரணம். வெட்டிய மரங்களின் தலைக்கிளைகளைத் திறப்பைச் சுற்றி வேலியாகக் குவிக்கலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆர்னாட் காட்டில் சுமார் 10 அடி உயரத்துக்கு இப்படிக் கிளை மதில் எழுப்பி மானைத் தடுத்திருக்கிறார்கள். சிறு காட்டுக்காரர் அவ்வளவு செய்ய முடியாது. கன்றுகள் முளைத்த இடத்தின்மேல் கிளைகளைப் பின்னலாகப் போட்டாலே ஓரளவு தப்பும்.

வெளிச்சம் திறந்தால் பக்தார்ன், ஹனிசக்கிள், பார்பெரி போன்ற வந்தேறிப் புதர்களும் பாயும். திறப்பதற்கு முந்தைய ஆண்டே அவற்றை வேரோடு பிடுங்கிவிடுங்கள். பிறகு செய்யலாம் என்றால் பத்து மடங்கு வேலை.

படி 4: பட்ட மரம் விறகல்ல

ஏக்கருக்கு 4 முதல் 6 பட்ட மரங்கள் அல்லது பொந்து மரங்கள் நிற்கட்டும். அதில் ஒன்றாவது 18 அங்குலத்துக்கு மேல் விட்டமுள்ளதாக இருக்கட்டும். பெரியது முக்கியம். மெல்லிய பட்ட மரத்தில் சிக்கடீ என்ற சிறு குருவி குடியிருக்கும், தண்டு பருத்தால்தான் பெரிய மரங்கொத்தியான பைலியேட்டடும், அது விட்டுப்போன பொந்தில் ஆந்தையும் மரவாத்தும் குடியேறும். கனடாவில் இருப்பவர்களுக்கு ஒரு சட்டச் செய்தி: 2022இல் வந்த புலம்பெயர் பறவை விதிகளின்படி பைலியேட்டட் மரங்கொத்தியின் கூட்டுப் பொந்துக்கு ஆண்டு முழுதும் பாதுகாப்பு உண்டு. வெறுமையாகக் கிடந்தாலும் அறிவித்துவிட்டு 36 மாதம் காத்திருக்க வேண்டும்.

உயிரோடு நிற்கும் ஆஸ்பென் மரத்தில் குதிரைக் குளம்பு போன்ற சாம்பல் நிறக் காளான் துருத்தியிருந்தால் அதை ஒருபோதும் வெட்டாதீர்கள். உள்ளே வைரம் மக்கிவிட்டது, வெளியே கட்டை இன்னும் கெட்டி என்பதன் அடையாளம் அது. மஞ்சள் வயிற்றுச் சாறுறிஞ்சி மரங்கொத்தி தேடுவது இதைத்தான். உள்ளே குடைய எளிது, வெளியே ரக்கூன் என்ற மரமேறும் விலங்கு கிழிக்க முடியாது. இந்த மரங்கொத்தியும் நம்மைப் போலவே துளையிட்டுச் சாறு குடிப்பது. வரிசை வரிசையாகச் சிறு சதுரத் துளைகள் போடும், அந்தத் துளைகளுக்கு மே மாதம் ஹம்மிங் பறவையும் வந்து குடிக்கும். ஒரு பர்ச்சையோ மேப்பிளையோ ஆண்டுதோறும் அது கொத்துகிறது என்றால் அந்த மரத்தை அதற்கே விட்டுவிடுங்கள். வெட்டினால் வேறு மரங்களில் புதிதாகத் தொடங்கும்.

பட்ட மரமே இல்லாத காட்டில் உண்டாக்கலாம். கவடு பிளந்த, துளைத் தழும்பு நிறைந்த, சாறு தராத மேப்பிளைத் தேர்ந்து, தண்டைச் சுற்றிச் சங்கிலி வாளால் இரண்டு வளையம் வெட்டுங்கள். ஆழம் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம், வளையங்களுக்கு நடுவே 3 அல்லது 4 அங்குலம். ஒரே வளையம், அதுவும் மேலோட்டமாக வெட்டினால் மரம் ஆறவைத்துக்கொண்டு பிழைத்துவிடும். இரண்டு வளையமும் சரியாக விழுந்தால் மூன்று ஆண்டுக்குள் பட்டுப்போகும்.

எங்கே நிற்க வேண்டும் என்பதில் கவனம் வேண்டும். பட்ட மரம் ஆள் கொல்லி. முதன்மைக் குழாய், வண்டிப் பாதை, காய்ச்சும் கொட்டகை ஆகியவற்றிலிருந்து அந்த மரத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி இருப்பதை மட்டும் விடுங்கள். கிட்டே இருப்பதை வெட்டித்தான் ஆக வேண்டும், ஆனால் எடுத்துக்கொண்டு போகாமல் அங்கேயே கிடத்திவிடுங்கள். 16 அங்குலத்துக்கு மேல் பருத்த கட்டை ஏக்கருக்கு நாலாவது தரையில் கிடந்தால் நத்தை, மரவட்டை, சலமாண்டர் பெருகும். வுட் த்ரஷ் இரை பொறுக்குவது அங்கேதான். முட்டையிடும் பறவைக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், நத்தை ஓடுதான் அதன் சுண்ணாம்பு.

விறகு இல்லாமல் எப்படிக் காய்ச்சுவது என்ற கேள்வி நியாயமானது. ஆர்.ஓ. என்ற, சவ்வு வழியாகச் சாற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் இயந்திரம் இருப்பவர்களுக்குப் பதில் எளிது. சாற்றை 2 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்கு அடர்த்தியாக்கினால் நாலில் மூன்று பங்கு தண்ணீர் அடுப்பைத் தொடாமலே போய்விடுகிறது. ஒரு லிட்டர் பாகுக்கு 43 லிட்டருக்குப் பதில் 11 லிட்டருக்கும் குறைவாகக் காய்ச்சினால் போதும். இயந்திரம் இல்லாதவர்கள் மெலிப்பில், அதாவது நெருக்கத்தைக் குறைக்கும் வேலையில், வெட்டிய பச்சை மரத்தை ஓராண்டு உலர்த்தி எரிக்கலாம். அதில் சூடும் அதிகம்.

படி 5: குழாயும் புதரும்

புதரை வெட்டுவதற்குச் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: கசிவு தேடி நடக்க வேண்டும். பனிக்காலணியோடு மேட்டில் ஏறும்போது கன்றுகள் காலைத் தட்டும் என்பது மெய். அதற்காக முழுக் காட்டையும் மழிக்க வேண்டியதில்லை. முதன்மைக் குழாயின் ஓரமாக 4 முதல் 6 அடி அகலத்தில் ஒரு தடம் வெட்டுங்கள். கிளைக் குழாய்களின் கீழே, ஒரு ஆள் குனியாமல் போகும் அளவுக்கு மட்டும் ஒடித்துவிடுங்கள். தடத்துக்கும் தடத்துக்கும் நடுவே இருப்பதைத் தொடாதீர்கள். தடம் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வெட்டினால் போதும்.

கிளைக் குழாய் ஒவ்வொன்றிலும் வெற்றிட உணரி பொருத்தினால் எந்தக் குழாயில் வெற்றிடம் குறைந்தது என்று தொலைபேசியிலேயே தெரிந்துவிடும். நடக்கும் தூரம் குறையும், தடமும் குறையும். பணம் செலவாகும், ஆனால் பெரிய காட்டில் கூலியிலேயே அது திரும்பிவிடும்.

துளையிடுவதைச் சுருக்கமாகச் சொல்கிறோம், வேறிடங்களில் நிறைய எழுதப்பட்டிருப்பதால். விட்டம் 10 முதல் 12 அங்குலம் வந்த பிறகே ஒரு துளை, 18க்கு மேல் இரண்டு. துளை 5/16 அங்குலம், ஆழம் ஒன்றரை அங்குலம். துளைக்கருவியில் வெள்ளைச் சீவல் வந்தால் சரி, பழுப்பு வந்தால் பழைய தழும்பின் செத்த கட்டை, அந்த இடத்தை விடுங்கள். அதிகத் துளை போட்ட மரம் நலியும், நலிந்த காட்டில் மேலடுக்கு ஓட்டையாகும், அங்கே வந்தேறிப் புதர் நுழையும்.

படி 6: எந்த மாதம் எதைச் செய்யலாம்

ஏப்ரல் நடுவில் சாறுறிஞ்சி மரங்கொத்தியும் ஹெர்மிட் த்ரஷும் வந்துவிடும். மே முதல் பாதியில் ஓவன்பேர்ட், நீல வார்ப்ளர், வுட் த்ரஷ். மே நடுவுக்குப் பின் டானகர். கூடுகள் ஆகஸ்ட் நடுவரை இருக்கும்.

ஓட்டம் நின்றதும் ஏப்ரலுக்குள்ளேயே துளை மூக்குகளைப் பிடுங்கிக் குழாயைக் கழுவிவிடுங்கள். இது மரம் ஆறவும் நல்லது. மே முதல் ஆகஸ்ட் நடுவரை மரம் வெட்டுவது, தடம் செதுக்குவது, பாதைப் புல் வெட்டுவது எதுவும் வேண்டாம். ஓவன்பேர்டின் கூடு பழங்கால ரொட்டி அடுப்பு போல மூடிய சருகுக் குவியல், பக்கவாட்டில் ஒரு வாய். இரண்டடி தள்ளி நின்றாலும் தெரியாது. காலடி பட்ட பிறகுதான் தெரியும். குழாய் பழுதெல்லாம் செப்டம்பர், அக்டோபரில் பார்த்துக்கொள்ளலாம். கனடாவில் கூடு இருக்கும் மரத்தை வெட்டுவது 1994ஆம் ஆண்டுப் புலம்பெயர் பறவைச் சட்டப்படி குற்றமும்கூட.

புதிய பாதை வெட்டுவதாக இருந்தால் 20 அடிக்குள் நிறுத்துங்கள், மேலே இலைக்கூரை இணைந்திருக்கட்டும். கூரை பிரிந்தால் காட்டின் உள்ளே விளிம்பு உண்டாகும். அந்த விளிம்பு வழியாகக் கவ்பேர்ட் வந்து மற்றப் பறவைகளின் கூட்டில் முட்டையிடும், ரக்கூனும் ஜே என்ற பறவையும் கூட்டைத் தேடி வரும்.

படி 7: புழு வந்தால் பதறாதீர்கள்

கூடாரப்புழு பெருகும் ஆண்டில் தெளிப்பான் வாங்க ஓடுவது இயல்பு. பி.டி.கே. என்ற நுண்ணுயிர் மருந்து இயற்கைச் சான்றிதழுக்கும் ஏற்புடையது. ஆனால் அது இலை தின்னும் மற்றப் பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களையும் கொல்லும். வார்ப்ளர் குஞ்சுக்கு ஊட்டுவது அந்தப் புழுக்களைத்தான். ஹப்பர்ட் புரூக்கில் 1969 முதல் 1971 வரை ஒரு வகைப் புழு பெருகியபோது பறவைகளும் பெருகின. கம்பளிப்புழுவின் ரோமத்துக்கு அஞ்சாமல் அள்ளித் தின்பது கருமூக்குக் குயிலும் மஞ்சள்மூக்குக் குயிலும். இவற்றோடு ஒட்டுண்ணி ஈயும் நோயும் சேர்ந்து பெரும்பாலும் மூன்று நாலு ஆண்டில் பெருக்கம் தானே சரிந்துவிடும்.

அதனால் முட்டைக் கட்டுகளை குளிர்காலத்தில் கிளை நுனிகளில் எண்ணிப் பார்த்து, மரம் ஏற்கெனவே நலிந்திருந்தால், தொடர்ந்து இரண்டாம் ஆண்டு மொட்டையடிக்கும் என்று தெரிந்தால் மட்டும் தெளியுங்கள். மொட்டையான மரத்தில் அடுத்த ஆண்டு துளையைக் குறையுங்கள். மெலிப்பு வேலையை இரண்டு மூன்று ஆண்டு தள்ளிப்போடுங்கள். நலிந்த நேரத்தில் வெட்டும் காயமும் சேர்ந்தால் வேர்ப் பூஞ்சை பிடித்துக் கொல்லும்.

மண் பற்றி ஒன்று. அமில மழையால் சுண்ணாம்புச் சத்து கரைந்த மண்ணில் சுகர் மேப்பிள் மெல்ல நலிகிறது. ஹப்பர்ட் புரூக்கில் 1999இல் ஒரு நீர்ப்பிடிப்பு முழுவதும் ஹெலிகாப்டரிலிருந்து கால்சியம் கனிமம் தூவினார்கள். பிந்தைய ஆண்டுகளில் மேப்பிளின் தலை தேறியது. உங்கள் காட்டில் மண் சோதனை செய்து பார்த்துவிட்டுச் சுண்ணாம்பு போடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டாம். அதே மண்ணில் வெளியூர் மண்புழு நுழையாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வயலில் மண்புழு உழவனின் நண்பன். பனியுகத்தில் பனிப்பாறை மூடிக் கிடந்த இந்த வடக்குக் காடுகளில் சொந்த மண்புழு இல்லை. வந்தேறிய புழு சருகுப் போர்வையைத் தின்று தீர்த்துவிட்டால் ஓவன்பேர்டுக்குக் கூடு கட்டச் சருகே இருக்காது. மீன்பிடிக்க வாங்கிய புழுவைக் காட்டில் கொட்டாதீர்கள், வேறு நிலத்தில் ஓடிவந்த இயந்திரச் சக்கரத்தைக் கழுவிவிட்டு உள்ளே விடுங்கள்.

படி 8: காது கொடுத்துக் கேளுங்கள்

ஜூன் முதல் பாதியில், மழையும் காற்றும் இல்லாத விடியலில், படி 1இல் குறித்த அதே புள்ளிகளுக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் 5 நிமிடம் அசையாமல் நின்று கேட்ட பறவைகளை எழுதுங்கள். பறவைக் குரல் தெரியாதவர்கள் தொலைபேசியில் பதிவு செய்து அடையாளம் காட்டும் செயலியில் பார்த்துக்கொள்ளலாம், சந்தேகமானதை விட்டுவிடுங்கள்.

எது பாடவில்லை என்பதில்தான் செய்தி இருக்கிறது. நீல வார்ப்ளர் இல்லை என்றால் கீழடுக்கு போதவில்லை. ஓவன்பேர்ட் இல்லை என்றால் சருகைப் பாருங்கள், மண்புழுவைப் பாருங்கள். பிளாக்பர்னியன் இல்லை என்றால் ஊசியிலை மரம் குறைவு. மரங்கொத்தித் தட்டல் கேட்கவில்லை என்றால் பட்ட மரங்களை மறுபடி எண்ணுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் வுட் த்ரஷ் வரவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். 1966 முதல் அதன் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டது, அது குளிர்காலம் கழிக்கும் மத்திய அமெரிக்கக் காடுகளும் அழிந்துவருகின்றன. காட்டை ஆயத்தமாக வைத்திருங்கள்.

இதை ஆண்டுதோறும் செய்யுங்கள். பட்டகக் கணக்கை மட்டும் 10 ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் போதும். கம்புகள் மக்கிவிடும் என்பதால் புள்ளிகளில் இரும்புக் கம்பி அடித்து, அருகிலுள்ள மரத்தில் வண்ணப்பூச்சுக் குறி வைத்துக்கொள்ளுங்கள். குறி வைக்கும் மரம் துளை மரமாக இருக்க வேண்டாம், மஞ்சள் பர்ச்சாக இருக்கட்டும், யாரும் தெரியாமல் வெட்டிவிட மாட்டார்கள்.